தல வரலாறு எழுதியவன் நான்தான்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். ஆனால் படித்துவிடுங்கள். முப்பத்தொரு வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன், தான் எழுதிய ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிற பதிவு இது.

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இங்கிலாந்திலிருந்து போன் வந்தது. என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன். பெயர் வேண்டாம். வல்லத்திராக்கோட்டையை விட்டுப் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. "சார், எம் மக ஒங்ககிட்ட ஒரு சந்தேகம் கேக்கணுமாம்" என்று போனைக் கொடுத்தான். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

"தாத்தா, பேகன் சாமி பத்திப் படிக்கணும். நம்ம ஊர்ல, முதல் முதலா படிக்கிறவங்களுக்கு நம்பிப் படிக்கிற மாதிரி ஒரு புக் சொல்லுங்க."

எனக்குக் கடையெழு வள்ளல்கள்தான் ஞாபகம் வந்தது. "மயிலுக்குப் போர்வை குடுத்தாரே, அவருதானம்மா? பழனிப் பக்கம் ஆண்டவரு" என்று பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். பிள்ளை சிரி சிரி என்று சிரித்தாள்.

பிறகு அவள்தான் எனக்குப் பாடம் நடத்தினாள். இது அந்தப் பேகன் இல்லையாம். லத்தீன் மொழியில் நாட்டுப்புறத்து ஆளைக் குறிக்கும் ஒரு சொல்லிலிருந்து வந்ததாம். கிறித்தவம் பரவிய காலத்தில், அதில் சேராமல் பழைய தெய்வங்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். இன்று அந்தப் பெயரைத் தாங்களே விரும்பி எடுத்துக்கொண்டு, பழைய தெய்வங்களையும் மரத்தையும் மண்ணையும் பருவங்களையும் வணங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 74,000 பேர் தங்கள் சமயம் பேகன் என்று எழுதியிருக்கிறார்களாம். அவள் தோழிகள் இரண்டு பேர் அந்த வழி. டிசம்பர் 21, பகல் மிகவும் குறுகிய நாள். அன்று விளக்கேற்றிக் கும்பிட்டபோது இவளும் கூடப் போயிருக்கிறாள். "உங்க வீட்ல இது மாதிரி உண்டா?" என்று அவர்கள் கேட்க, "எங்க குலசாமி அய்யனாரு. மண்ணுல குதிரை செஞ்சு வைப்போம்" என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பிள்ளைகள் அசந்துபோனார்களாம். எங்களுக்கு அறுந்துபோய் நாங்கள் தேடிக்கொண்டிருப்பது உங்களுக்கு அறாமலே இருக்கிறதே என்றார்களாம். அந்தச் சந்தோஷத்தில் கல்லூரியில் ஒப்படைப்புக் கட்டுரை எழுத, நம் கோயிலையே எடுத்துக்கொண்டாள். இணையத்தில் தேடி எழுதியும் கொடுத்துவிட்டாள். திருத்திய ஆசிரியர் ஓரத்தில் ஒரே கேள்வி எழுதியிருந்தாராம்: "இதைச் சொல்வது யார்? அவருக்கு எப்படித் தெரியும்?"

"நீ என்னம்மா எழுதுன? வாசி பாப்போம்" என்றேன். எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன் வேட்டைக்கு வந்த மன்னன் ஒருவன் வழிதவறி, தாகத்தால் களைத்து ஆலமரத்தடியில் உறங்கியபோது, வெண்புரவியில் ஒரு வீரன் தோன்றி...

இரண்டாவது வரியிலேயே எனக்கு வியர்த்துவிட்டது. அது என் வாக்கியம்.

1996-ல் கோயில் கும்பாபிஷேகம். விழா மலர் போட வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் நிர்வாகத்தார் வீட்டுக்கு வந்தார்கள். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். "எல்லாக் கோயிலுக்கும் தல வரலாறு இருக்கு வாத்தியாரே. நம்ம கோயிலுக்கு இல்லேன்னா நல்லாருக்காது. நாலு பக்கம் வர்ற மாதிரி எழுதிக் குடுங்க" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். மன்னன், வேட்டை, தாகம், ஆலமரம், கனவு. இந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு எந்தக் கோயிலுக்கும் தல வரலாறு எழுதிவிடலாம். ஆயிரத்து முந்நூறு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? ஆயிரம் என்றால் மொட்டையாக இருக்கிறது, முந்நூறு சேர்த்தால் யாரோ கணக்குப் பார்த்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். உங்கள் விடைத்தாள்களில் சிவப்பு மையில் "சான்று எங்கே?" என்று எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. உண்மையான வரலாறு ஒன்று என் காதில் விழுந்திருந்தது.

அதே வாரம் புரவி எடுப்பு ஏற்பாட்டுக்காக வேளார் வீட்டுக்குப் போயிருந்தேன். நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாமியிடம் உத்தரவு கேட்டு, ஊரார் கூடி, வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அதன் பிறகுதான் குதிரை வேலை தொடங்கும். பெரியவருக்கு அப்போது எழுபத்தைந்து இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார்: "தாது வருசப் பஞ்சத்துல எங்க பாட்டனாரு குடும்பத்தோட நடந்தே வந்தவுக. கெளம்பும்போது எங்க அப்பத்தா சொந்த ஊரு அய்யனாரு கோயில்லேருந்து ஒரு பிடி மண்ண முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வந்துச்சு. அந்த மண்ணுதான் இந்தக் கோயிலு." எந்த ஊர் என்றும் சொன்னார்.

தாது வருஷப் பஞ்சம் என்பது 1876 முதல் 1878 வரை தென்னாட்டையே உலுக்கிய பஞ்சம். லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். அந்தப் பஞ்சத்தில் எதையும் கொண்டுவர முடியாத ஒரு பெண், முந்தானையில் சாமியை முடிந்துகொண்டு வந்திருக்கிறாள். இதைவிட ஒரு தல வரலாறு யாருக்குக் கிடைக்கும்? நான் எழுதவில்லை. பஞ்சம் பிழைக்க வந்த மண்பாண்டக் குடும்பத்துப் பெண் கொண்டுவந்த சாமி என்று அச்சில் போட்டால், கோயிலில் முதல் மரியாதை வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் கேட்கக்கூட இல்லை. நானாகவே ஊகித்து, நானாகவே விட்டுவிட்டேன். அந்த ஊரின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில்கூடக் குறித்து வைக்கவில்லை. பெரியவர் 2001-ல் காலமாகிவிட்டார்.

2008-ல் அடுத்த கும்பாபிஷேகம் நடந்தபோது என் நாலு பக்கத்தையும் சுருக்கிக் கருங்கல் பலகையில் வெட்டிப் பதித்துவிட்டார்கள். அதை யாரோ படம் பிடித்து இணையத்தில் ஏற்ற, இன்னொருவர் பார்த்து எழுத, மூன்றாமவர் குரல் கொடுத்து வீடியோ போட்டுவிட்டார். "மூணு இடத்துல ஒரே மாதிரி இருந்துச்சு தாத்தா, அதான் நம்புனேன்" என்றாள் பிள்ளை. மூன்று இடம்தான். ஆனால் வாய் ஒன்று, என் வாய்.

அன்றைக்கு "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்று போனை வைத்துவிட்டேன். மூன்று நாள் சரியாகத் தூக்கமில்லை. நாலாம் நாள் நானே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "இங்கயும் இப்படித்தான் தாத்தா நடந்திருக்கு" என்று ஒரு கதை சொன்னாள்.

வேல்ஸ் நாட்டில் எட்வர்ட் வில்லியம்ஸ் என்று ஒரு கல்தச்சர். இயோலோ மோர்கானுக் என்ற பெயரில் கவிதை எழுதியவர். 1792-ல் லண்டனில் ஒரு குன்றின் மேல் கற்களை வட்டமாக வைத்துச் சடங்கு ஒன்றை நடத்தி, இது பழைய துரூயிட் பூசாரிகளின் வழக்கம் என்றார். ஆதாரமாகப் பழைய சுவடிகளையும் காட்டினார். அவற்றில் பலவற்றை எழுதியவர் அவரேதான் என்பது 20-ஆம் நூற்றாண்டில் ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது உறுதியானது. ஆனால் வேல்ஸ் மக்களின் பெரிய கலை விழாவில் அவர் தொடங்கிய சடங்கு இன்றும் நடக்கிறது. அவர் புனைந்தது என்று தெரிந்தேதான் நடத்துகிறார்கள்.

இன்னொருவர் ஜெரால்ட் கார்ட்னர். இளம் வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும், பிறகு மலாயாவில் சுங்க இலாகாவிலும் வேலை பார்த்தவர். நம் ஆட்களோடு பழகியிருப்பார் என்று நினைக்கிறேன். ஓய்வுபெற்று ஊர் திரும்பி 1954-ல் ஒரு புத்தகம் எழுதினார். விக்கா என்ற வழிபாடு பரவியது அதிலிருந்துதான். கிறித்தவத்துக்கு முந்தைய பழைய சமயம் ஒளிவுமறைவாகத் தொடர்ந்து வந்தது என்றார். அதற்கு அவருக்குத் துணையாக இருந்தது மார்கரெட் முர்ரே என்ற எகிப்தியல் அறிஞர் 1921-ல் வெளியிட்ட நூல். அந்த நூலின் வாதத்தை வரலாற்றாசிரியர்கள் பிறகு தள்ளிவிட்டார்கள். 1999-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொனால்ட் ஹட்டன், அந்த வழிபாடு பெரும்பாலும் நவீன காலத்தில் உருவானது என்று சான்றுகளோடு எழுதினார்.

"அந்தப் பேராசிரியரைத் திட்டுனாங்களாம்மா?" என்று கேட்டேன். "சில பேர் கோவப்பட்டாங்க தாத்தா. ஆனா என் ஃபிரெண்ட்ஸ் எனக்கு முதல்ல படிக்கக் குடுத்ததே அவர் புக்தான்" என்றாள். இன்னொரு நூலும் கொடுத்தார்களாம். மார்கோ ஆட்லர் என்ற அமெரிக்க வானொலிச் செய்தியாளர் 1979-ல் எழுதியது. அவரே அந்த வழியில் நின்றவர். ஆனாலும் செய்தியாளர் மாதிரி ஊர் ஊராகப் போய், யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

எனக்கு அது பெரிய ஆறுதல். வரலாறு புதிது என்று தெரிந்ததால் அவர்கள் விளக்கேற்றுவதை நிறுத்திவிடவில்லை. நம்பிக்கைக்கு வயது தேவையில்லை. வயதை ஏற்றிச் சொல்வதால்தான் கெடுதல். உண்மையாகக் கொண்டுவந்தவளின் பெயர் அதில் அடிபட்டுப் போகிறது.

பிள்ளை கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லவேண்டும் என்று இரண்டு மாதம் அலைந்தேன். திருக்கோகர்ணம் ஞானாலயா நூலகத்திலும் போய் உட்கார்ந்தேன். நம் நாட்டார் தெய்வங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பும் உங்கள் பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் அவளிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கையில் எடுக்க வேண்டியது தொ. பரமசிவன் எழுதிய 'தெய்வங்களும் சமூக மரபுகளும்', 'அறியப்படாத தமிழகம்'. இரண்டும் சின்ன நூல்கள். எண்ணெய், உப்பு, தாலி, சாமி என்று நமக்குத் தெரிந்த பொருளிலிருந்தே பேசுவார். 2020 டிசம்பரில் மறைந்தார். அவர் நடையில் ஒரு வேகம் உண்டு, சில இடங்களில் முடிவுக்குச் சட்டென்று தாவிவிடுவார். அதனால் படிக்கும்போது பக்கத்தில் பென்சில் இருக்கட்டும். அடுத்து நா. வானமாமலை. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர், நம்ம வாத்தியார் இனம். 1969-ல் 'ஆராய்ச்சி' என்ற இதழைத் தொடங்கி, நாட்டார் கதைப்பாடல்களையும் பதிப்பித்தார். அவர் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையைப் படித்தால், ஒரு மனிதன் எப்படித் தெய்வமாகிறான் என்பது புரியும். அதே பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கு என்றே ஒரு துறை இருக்கிறது. மேலே படிக்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு அது நல்ல இடம்.

வெளியார் எழுதியவற்றையும் ஒதுக்க வேண்டாம். சென்னையில் பிஷப்பாக இருந்த ஹென்றி வைட்ஹெட் 1916-ல் தென்னிந்தியக் கிராம தெய்வங்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். சடங்குகளைத் தாழ்வாகப் பார்க்கும் கண் அவருடையது. ஆனால் எந்த ஊரில் என்ன நடந்தது என்று விவரம் குறித்திருக்கிறார். அபிப்பிராயத்தை விட்டுவிட்டு விவரத்தை எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு இருநூறு வருஷம் முன்பு, 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழர்களிடம் கேட்டுக் கேட்டு நம் தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே அதை அச்சிடவில்லை. 1867-ல்தான் சென்னையில் அச்சானது. அய்யனாரும் அதில் இருக்கிறார். மதம் மாற்ற வந்தவர்தான். ஆனாலும் இந்த ஊர்க்காரர்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டு எழுதினார். நான் இந்த ஊர்க்காரன், அதைக்கூடச் செய்யவில்லை.

நம் புதுக்கோட்டைக்கென்று தனிச் சொத்து உண்டு. சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூலம் 1929-ல் நூலாக வந்தது. கே. ஆர். வேங்கடராம ஐயர் தொகுத்த சமஸ்தான விவரத் தொகுதிகள் 1938 முதல் 1944 வரை வந்தன. உங்கள் ஊர்க் கோயில் ஆயிரம் வருஷத்தது என்று யாராவது சொன்னால், முதலில் இவற்றில் தேடுங்கள். இருந்தால் பெருமைப்படுங்கள். இல்லாவிட்டால் இல்லை என்றே சொல்லுங்கள்.

எந்த நூலைப் படித்தாலும், எந்த வீடியோவைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இவருக்குச் சொன்னது யார்? இவர் நேரில் பார்த்தாரா, பிறர் சொல்லக் கேட்டாரா, இன்னொரு நூலில் படித்தாரா? தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஓர் இடத்திலாவது சொல்கிறாரா? என் நாலு பக்கத்தை இந்த மூன்று கேள்வியும் கிழித்துவிடும்.

நூலோடு நிற்கக் கூடாது. போய்ப் பார்க்க வேண்டும். அடுத்த முறை வரும்போது குளமங்கலத்துக்கு வா என்று பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். வில்லுனி ஆற்றங்கரை, பெருங்காரையடி மீண்ட அய்யனார், முப்பது அடிக்கு மேல் உயரமான குதிரை. மாசி மகத்தன்று வண்டி வண்டியாகக் காகிதப்பூ மாலை வந்து சேர்ந்து, குதிரை முகம்கூடத் தெரியாமல் மூடிப்போகும். நம் கோயிலையும் கவனித்துப் பார்க்கச் சொன்னேன். அய்யனாருக்குச் சைவப் படையல், கிடா கருப்பருக்கு. வெட்டும்போது அய்யனார் சன்னதிக்குத் திரை போட்டுவிடுவார்கள். 2003-ல் அரசு 1950-ஆம் வருஷச் சட்டத்தைக் காட்டிக் கோயில்களில் கிடா வெட்டக்கூடாது என்றதும், 2004-ல் அந்தச் சட்டமே ரத்தானதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சட்டம் வந்ததும் போனதும் எழுத்தில் இருக்கிறது. திரை போடுகிற வழக்கம் நம் தல வரலாற்றில் இல்லை. பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

கல் விஷயத்துக்கு வருகிறேன். நிர்வாகத்தாரிடம் போய், அந்தப் பலகையை எடுத்துவிடுங்கள், நான் எழுதியது தப்பு என்றேன். "இருக்கட்டும் வாத்தியாரே. வர்றவுக எல்லாம் நின்னு படிக்கிறாக. நல்லாத்தான இருக்கு" என்றார்கள். இன்னும் முந்நூறு வருஷம் கழித்து ஒரு கல்வெட்டு ஆய்வாளர் அதைப் படியெடுப்பார் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

கடைசியாக வேளார் வீட்டுக்குப் போனேன். மகன்மார் வெளியூரில். பெரியவரின் தங்கை, எண்பத்தைந்தைத் தாண்டியவர், வீட்டில் இருந்தார். இந்த முறை நோட்டு எடுத்துப் போனேன். தேதி போட்டேன். அவர் சொன்னதை அவர் வாயில் வந்தபடியே எழுதினேன். ஊர்ப் பெயர் கேட்டேன். நெற்றியைத் தடவித் தடவி யோசித்தார்.

"பேரு வரலையே தம்பி. சின்னப் புள்ளையில ஒரு தடவ வண்டி கட்டிப் போனோம். விடியக் கெளம்பி, பொழுது சாயப் போய்ச் சேந்தோம். தெக்காம. கம்மாக்கரையில கோயிலு. அங்க உள்ள குதிரையில ஒண்ணுக்கு ஒரு காது இல்ல. எங்கப்பாரு அதத் தொட்டுக் கும்புட்டாரு, ஏன்னு தெரியல."

அவ்வளவுதான் மிச்சம். தெற்கே ஒரு பகல் மாட்டு வண்டிப் பயணம், ஒரு கண்மாய்க்கரை, காது போன ஒரு மண்குதிரை. மண்குதிரை என்றைக்கோ கரைந்திருக்கும். இருந்தாலும் அப்படியே எழுதி, சொன்னவர் இன்னார், கேட்டவன் நான், ஊர்ப் பெயர் தெரியவில்லை என்று குறித்துப் பிள்ளைக்கு அனுப்பினேன். ஆயிரத்து முந்நூறு வருஷத்தை அடித்துவிட்டு இதை வைத்துக் கட்டுரையைத் திருத்திக் கொடுத்திருக்கிறாள்.

கல்லை என்னால் மாற்ற முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், குலசாமி எப்படி வந்தது என்று இந்த வாரமே கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அழகுபடுத்தாதீர்கள்.

தெற்குப் பக்கத்து ஊர்க்காரர்கள், உறவுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஓர் உதவி. தாது வருஷப் பஞ்சத்தில் உங்கள் ஊரிலிருந்து வேளார் குடும்பம் ஒன்று வடக்கே கிளம்பிப் போனதாக வீட்டுப் பெரியவர்கள் எப்போதாவது பேசியதுண்டா? கண்மாய்க்கரையில் அய்யனார் கோயில் உண்டா? இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அந்த அம்மா இருக்கும்போதே போய் அந்தப் பெயரை அவர் காதில் சொல்லவேண்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
வல்லத்திராக்கோட்டை.